எக்ஸ் சர்வீஸ்மேன் குடும்பமா நீங்க? சைனிக் போர்டு ஆபீஸ்ல எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு பார்க்கலாம்

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைனு ஒரு ஊர், ராணுவப்பேட்டைனே அதுக்குப் பேரு, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருந்திருப்பாங்க. அந்த மாதிரி ஊர்ல ஒரு பேப்பர் புரியலைனா பக்கத்து வீட்டு சுபேதார்கிட்ட போய் கேட்டுக்கலாம். மத்த ஊர்ல அப்படி இல்லைங்க, நாலு தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பாரு, எல்லா பேப்பரும் அவர் ட்ரங்க் பெட்டியில இருக்கும், அவருக்கு ஏதாவது ஆயிட்டா அந்தம்மாவுக்கு எந்த ஆபீஸுக்குப் போறதுனே தெரியாது. இந்த விளக்கம் அந்த மாதிரி வீடுகளுக்கு, முக்கியமா மனைவிக்கும் பிள்ளைங்களுக்கும். தமிழ்நாட்டு நடைமுறையை வச்சு எழுதுறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி: யாருகிட்ட எதைக் கேக்கணும்

இதுதான் நிறைய பேர் குழம்புற இடம். பென்ஷன் வேற, நல உதவி வேற. பென்ஷன் கணக்கு பிரயாக்ராஜ்ல இருக்கிற டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் கையில, இப்போ ஸ்பர்ஷ்னு ஒரு ஆன்லைன் சிஸ்டம் வழியா வருது. சர்வீஸ் விவரம், மனைவி பிள்ளைங்க பேர் எல்லாம் அவரோட படைப்பிரிவு ரெக்கார்டு ஆபீஸ்ல. மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், எம்இஜி, அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்னா பெங்களூரு, ஆர்ட்டிலரினா நாசிக், இஎம்இ, அதாவது வண்டி, கருவி ரிப்பேர் பார்க்கிற பிரிவுனா செகந்திராபாத், சிக்னல்ஸ்னா ஜபல்பூர். நல உதவிகளுக்கு டெல்லியில கேந்திரிய சைனிக் போர்டு, சென்னையில முன்னாள் படைவீரர் நல இயக்குநரகம், அதுக்குக் கீழ மாவட்டத்துல உதவி இயக்குநர் ஆபீஸ், சைனிக் போர்டு ஆபீஸ்னு நம்ம ஆளுங்க சொல்றது இதைத்தான்.

இந்த மாவட்ட ஆபீஸ்தான் உங்க முதல் வாசல். பென்ஷன் இவங்க கொடுக்கிறதில்ல, அதனால "என் பென்ஷன் ஏன் குறைஞ்சுது"னு இவங்ககிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, ஆனா ரெக்கார்டு ஆபீஸுக்கோ பிரயாக்ராஜுக்கோ என்ன எழுதணும், எந்த பேப்பர் சேர்த்து அனுப்பணும்னு வழி காட்டுறதும் இவங்கதான்.

இன்னொண்ணு, சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் ஆளுங்க இந்தக் கணக்குல வரமாட்டாங்க. அவங்க உள்துறைக்குக் கீழ, அவங்களுக்குத் தனி நல அமைப்பு. இங்க தரைப்படை, கடற்படை, விமானப்படை மட்டும்தான்.

ஸ்டெப் 1: பெட்டியைத் திறங்க

டிஸ்சார்ஜ் புக் (சர்வீஸ் முடிஞ்சு வரும்போது கொடுக்கிறது), பிபிஓ (பென்ஷன் ஆர்டர்), ஐடி கார்டு, பேங்க் பாஸ்புக், கல்யாண பதிவுச் சான்று, பிள்ளைங்க பர்த் சர்டிபிகேட், எல்லார் ஆதாரும். எடுத்து ஒரே ஃபைல்ல போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி மனைவி ஃபோன்லயும் பிள்ளைங்க ஃபோன்லயும் வச்சிடுங்க. டிஸ்சார்ஜ் புக்ல வெறும் முதல் பக்கம் போதாது, குடும்ப விவரம் இருக்கிற பக்கம்தான் பின்னாடி எல்லாத்துக்கும் கேப்பாங்க. ஆர்மி நம்பரை மனைவி மனப்பாடமா வச்சிருக்கணும்னு நான் சொல்லுவேன், ஏன்னா எந்த ஆபீஸ்ல எந்த கவுன்டர்ல நின்னாலும் பேருக்கு முன்னாடி அதைத்தான் கேப்பாங்க.

ஸ்டெப் 2: பேரு, பேரு, பேரு

இந்த ஸ்டெப்புக்கு ஒரு நாள் முழுசா ஒதுக்குங்க. பாதி விண்ணப்பம் நிக்கிறதே இங்கதான்.

நம்ம ஊர்ல இனிஷியல் வச்சு எழுதுறோம். பட்டாளத்துல சேரும்போது வடக்கத்தி கிளார்க் அப்பா பேரையும் சேர்த்து நீட்டி எழுதியிருப்பாரு, இல்ல காதுல விழுந்த மாதிரி ஸ்பெல்லிங் போட்டிருப்பாரு. சர்வீஸ் முழுக்க அது ஒரு பிரச்சனையே இல்ல. ரிட்டயர் ஆனப்புறம் ஆதார்ல ஒரு பேரு, டிஸ்சார்ஜ் புக்ல ஒரு பேரு, பேங்க்ல ஒரு பேரு, கம்ப்யூட்டர் மூணு பேரும் வேற வேற ஆளுனு சொல்லிடும். மனைவி விஷயத்துல இன்னும் மோசம், வீட்ல கூப்பிடுற பேரை அவர் அன்னிக்கு எழுதிக் கொடுத்திருப்பாரு, ஸ்கூல் சர்டிபிகேட்ல வேற பேரு, பிறந்த தேதி குத்துமதிப்பா போட்டது.

அதனால ஒரு வெள்ளை பேப்பர் எடுத்து கட்டம் போட்டு, அவர், மனைவி, ஒவ்வொரு பிள்ளைனு வரிசையா எழுதி, டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, ஆதார், பேங்க் நாலுலயும் பேரும் பிறந்த தேதியும் எப்படி இருக்குனு எழுத்துக்கு எழுத்து பாருங்க. வித்தியாசம் இருந்தா அதைத் திருத்துறது அவர் உயிரோட இருக்கும்போதே பண்ணிடணும். சர்வீஸ்ல இருக்கும்போது பார்ட் டூ ஆர்டர்னு, குடும்ப விவரத்தை ரெக்கார்டுல ஏத்துற ஒரு உத்தரவு போட்டு, யூனிட்லயே முடிஞ்சிடும், வெளிய வந்தப்புறம் அஃபிடவிட், ஆதாரம் எல்லாம் வச்சு மாவட்ட ஆபீஸ் மூலமா ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதணும், லேட்டாகும், ஆனா அவரே கையெழுத்து போடுறதுக்கும் அவர் இல்லாம அந்தம்மா "நான்தான் அவர் மனைவி"னு நிரூபிக்கிறதுக்கும் இருக்கிற வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்ல.

வீட்ல மாற்றுத்திறனாளி பிள்ளை இருந்தா இன்னும் ஒரு வேலை. அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் குடும்ப பென்ஷன் கிடைக்க வழி இருக்கு, அதுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வச்சு அப்பா அம்மா இருக்கும்போதே பிபிஓல பேரை ஏத்திடுங்க.

ஸ்டெப் 3: மாவட்ட ஆபீஸ்ல பதிவு

நீங்க இப்போ குடியிருக்கிற மாவட்டத்துல பதிவு பண்ணி ஐடி கார்டு வாங்கணும். வேற மாவட்டத்துக்குக் குடி மாறிட்டா பதிவையும் மாத்திக்கோங்க, இல்லைனா ஒரு சான்றிதழ் வாங்க பழைய ஊருக்கு பஸ் ஏறணும். கணவர் இறந்திருந்தா மனைவி பேர்ல தனி கார்டு உண்டு, அவரோட பழைய கார்டையே காட்டிட்டு இருக்காதீங்க. ஒரிஜினல் எல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க, அங்க நல அமைப்பாளர்னு ஒருத்தர் இருப்பாரு, அவரும் முன்னாள் படைவீரராத்தான் இருப்பாரு, அவர்கிட்ட உக்காந்து நிதானமா பேசினா பாதி விஷயம் தெளிவாயிடும்.

ஸ்டெப் 4: டெல்லி போர்டு கொடுக்கிற உதவிகள்

இதெல்லாம் கொடிநாள் நிதியில இருந்து வர்ற காசு. 1949ல இருந்து டிசம்பர் 7ம் தேதி வசூல் பண்றாங்களே, அதுதான். ஹவில்தார் ரேங்க் வரைக்கும் உள்ளவங்களுக்கும் அவங்க விதவைகளுக்கும். 2025 நவம்பர் 1ல இருந்து போடுற விண்ணப்பத்துக்கு தொகையை ரெண்டு மடங்கா ஆக்கியிருக்காங்க, அதனால பழைய வாட்ஸ்அப் ஃபார்வேர்டு பார்த்து கணக்கு போடாதீங்க.

பிள்ளைங்க படிப்புக்கு ஒரு பிள்ளைக்கு மாசம் 2000 ரூபா, ரெண்டு பிள்ளைங்க வரைக்கும், ஒண்ணாவதுல இருந்து டிகிரி வரை. முடிச்ச வகுப்புக்குத்தான் கேக்க முடியும், அதனால ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டை ஸ்கேன் பண்ணி வைங்க. பொண்ணு கல்யாணத்துக்கு 1 லட்சம், ரெண்டு பொண்ணுங்க வரை, விதவை மறுமணம் பண்ணினாலும் உண்டு. கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள போடணும், மொய்க் கணக்கு பார்த்து முடிக்கிறதுக்குள்ள இந்த கெடு ஓடிடும், கல்யாணத்தைப் பதிவு பண்ற அன்னிக்கே இதையும் ஆரம்பிச்சிடுங்க.

மூணாவது, யாரும் சொல்லாதது. பென்ஷனுக்கு ஜவானுக்கு 15 வருஷ சர்வீஸ் வேணும். அது இல்லாம பென்ஷனே இல்லாம வெளிய வந்த பெரியவங்க நிறைய பேர் கிராமத்துல இருக்காங்க. 65 வயசு தாண்டின அந்த மாதிரி ஆளுங்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் மாசம் 8000 ரூபா. உங்க தெருவுல அப்படி ஒரு தாத்தா இருந்தா முதல்ல அவருக்குப் போட்டுக் கொடுங்க, உங்களுது அப்புறம்.

விண்ணப்பம் கேந்திரிய சைனிக் போர்டு வெப்சைட்ல. டிஸ்சார்ஜ் புக் பக்கங்கள், ஐடி கார்டு, பாஸ்புக், ஆதார் ஏத்தணும். சப்மிட் பண்ணிட்டா முடிஞ்சிடுச்சுனு நினைச்சிடாதீங்க, ஒரிஜினலை மாவட்ட ஆபீஸ்ல காட்டணும், அவங்க சரிபார்த்து மேல தள்ளினாத்தான் நகரும். அப்புறம் இதே மாதிரி உதவி மாநில அரசும் கொடுக்குது, ஒரே செலவுக்கு ரெண்டு பக்கமும் வாங்க முடியாது, எது உங்களுக்கு லாபம்னு ஆபீஸ்லயே கேட்டு ஒண்ணை மட்டும் போடுங்க.

ஸ்டெப் 5: காலேஜ்

பிரதமர் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு, இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி தொழில்படிப்புல முதல் டிகிரி சேர்ற பிள்ளைங்களுக்கு. பொண்ணுங்களுக்கு மாசம் 3000, பசங்களுக்கு 2500. பிளஸ் டூல 60 சதவீதம் வேணும், நாடு முழுக்க வருஷத்துக்கு 5500 பேருக்குத்தான், முதல் வருஷம் சேர்ந்த உடனே போடணும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டா போச்சு.

தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல முன்னாள் படைவீரர் பிள்ளைங்களுக்கு 150 சீட் தனியா இருக்கு. அதுக்கு உதவி இயக்குநர் கொடுக்கிற சார்ந்தோர் சான்று, அதாவது முன்னாள் படைவீரரோட பிள்ளைனு காட்டுற சான்று வேணும். ரிசல்ட் வந்த வாரம் அந்த ஆபீஸ்ல கல்யாண வீட்டுக் கூட்டம் இருக்கும், முடிஞ்சா முன்னாடியே போய் என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டு ரெடியா வச்சுக்கோங்க.

ஸ்டெப் 6: வேலை, தொழில்

ரிட்டயர் ஆகும்போது பல பேருக்கு நாப்பது வயசுகூட இருக்காது. மாவட்ட ஆபீஸ்லயே வேலைவாய்ப்புப் பதிவு இருக்கு. டிஎன்பிஎஸ்சியில குரூப் சி பதவிகள்ல 5 சதவீத ஒதுக்கீடு, வயசு சலுகை, ரெண்டு தடவை ஃபீஸ் இல்லாம எழுதலாம். ஒரு அரசு வேலையில சேர்ந்துட்டா அப்புறம் இந்தச் சலுகை கிடையாது, அதனால கிடைச்சதுனு எதுலயோ போய் உக்காராம யோசிச்சு எடுங்க. செக்யூரிட்டி மாதிரி வேலைனா டெக்ஸ்கோ இருக்கு, 1986ல இருந்து இருக்கிற தமிழ்நாடு அரசு நிறுவனம். ஏஜென்சிக்கு கமிஷன் கொடுத்துட்டு சேர்றதுக்கு அங்க பதிவு பண்றது எவ்வளவோ மேல்.

சொந்தத் தொழில்னா முதல்வரின் காக்கும் கரங்கள். 2024 சுதந்திர தின உரையில அறிவிச்சது, 1 கோடி வரைக்கும் பேங்க் கடன், அதுல 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில 3 சதவீதம் மானியம். கேக்க ரொம்ப நல்லா இருக்கு, ஆனா கடன் கொடுக்கிறது பேங்க், திருப்பிக் கட்டணும்ங்கிறதை மறந்துடாதீங்க. கமுட்டேஷன் காசு, அதாவது பென்ஷன்ல ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமா வாங்கின காசு கையில இருக்குனு தெரியாத தொழில்ல இறங்கினவங்க கதை எல்லா ஊர்லயும் இருக்கும்.

ஸ்டெப் 7: வைத்தியம்

இசிஹெச்எஸ்னு முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டம், 2003 ஏப்ரல்ல ஆரம்பிச்சது. சார்ந்தவங்க ஒவ்வொருத்தருக்கும் தனி கார்டு வாங்கிடுங்க, பாலிகிளினிக் போய் ரெஃபரல் வாங்கிட்டு ஆஸ்பத்திரி. எமர்ஜென்சினா நேரா லிஸ்ட்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் கார்டைக் காட்டலாம், அதனால உங்க ஊர்ல எந்தெந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்குனு இன்னிக்கே பார்த்து வைங்க.

ஸ்டெப் 8: அவர் இறந்துட்டா

எழுதக் கஷ்டமா இருக்கு, ஆனா வேற வழியில்ல. முதல் விஷயம், ஏடிஎம் கார்டு கையில இருக்கு, பின் நம்பர் தெரியும்னு அவர் பென்ஷனைத் தொடர்ந்து எடுக்காதீங்க. இறந்த தேதிக்கு அப்புறம் வந்தது எல்லாம் திரும்பப் பிடிப்பாங்க, அதுவும் பின்னாடி வர்ற குடும்ப பென்ஷன்ல இருந்து. இறப்புச் சான்று வாங்கினதும் ஸ்பர்ஷ்ல தெரிவிக்கணும், ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதணும், மாவட்ட ஆபீஸ்ல சொல்லணும். உங்களால ஆன்லைன்ல முடியலைனா பக்கத்துல இருக்கிற ஸ்பர்ஷ் சர்வீஸ் சென்டர், இல்ல பொது சேவை மையத்துல போட்டுக் கொடுப்பாங்க. ஈமச்சடங்கு செலவுக்கு மாநிலத்துல உதவி இருக்கானு அப்பவே கேளுங்க, வெக்கப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல.

ரிட்டயர் ஆனவர் இறந்தா மனைவிக்கு ஏழு வருஷம், இல்ல அவருக்கு 67 வயசு ஆகியிருக்கும் தேதி, எது முதல்ல வருதோ அதுவரைக்கும் கூடுதல் விகிதத்துல பென்ஷன். அப்புறம் சாதாரண விகிதத்துக்கு, அதாவது கடைசி சம்பளத்துல 30 சதவீதத்துக்கு இறங்கும். அந்த மாசம் காசு குறைஞ்சதும் யாரோ ஏமாத்திட்டாங்கனு பதறுறாங்க பாவம். கல்யாணமாகாத, விதவையான, விவாகரத்தான பொண்ணுக்கும் வருமானக் கட்டுப்பாட்டோட குடும்ப பென்ஷன் உண்டு.

வருஷத்துக்கு ஒரு தடவை உயிர்ச்சான்று கொடுக்கணும், ஜீவன் பிரமாண் வழியா மொபைல்லயே பண்ணலாம். ஸ்பர்ஷ்ல எந்த மொபைல் நம்பர் இருக்குனு பாருங்க. துபாய்ல இருக்கிற பையன் நம்பரைக் கொடுத்துட்டு, ஓடிபிக்காக அவன் ட்யூட்டி முடியுற வரைக்கும் சேவை மையத்துல காத்துக்கிட்டு இருக்கிற அம்மாக்கள் இருக்காங்க. அம்மா கையில இருக்கிற ஃபோன் நம்பரே அங்க இருக்கட்டும்.

ஸ்டெப் 9: எதுவும் நகரலைனா

கலெக்டர் ஆபீஸ்ல முன்னாள் படைவீரர்களுக்குனு தனியா குறைதீர் கூட்டம் நடத்துறாங்க, தேதி பேப்பர்ல வரும், மாவட்ட ஆபீஸ்லயும் சொல்லுவாங்க. நிலத் தகராறு, பட்டா, வழிப்பாதை மாதிரி விஷயம்னா மாவட்ட ஆபீஸால நேரா ஒண்ணும் பண்ண முடியாது, இந்தக் கூட்டத்துலதான் தாசில்தார் வரைக்கும் போகும். கோர்ட் விஷயம்னா, 2025 ஜூலையில தேசிய சட்டப்பணிகள் ஆணையம் வீரர் குடும்பங்களுக்குனு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, சைனிக் போர்டு ஆபீஸ்கள்லயே இலவச சட்ட ஆலோசனை கொடுக்கிறதுக்கு, அதையும் கேட்டுப் பாருங்க.

மனு எழுதும்போது மேல ஆர்மி நம்பர், ரேங்க், பேர், ஐடி கார்டு நம்பர், ஃபோன் நம்பர். ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சனை மட்டும், பட்டாவையும் பென்ஷனையும் ஒரே பேப்பர்ல எழுதினா அது ஒரு டேபிள்ல நின்னுடும். ரெண்டு பிரதி கொடுங்க, மூணாவது ஒண்ணுல சீல் போட்டு வாங்கி அந்த ஃபைல்லயே வைங்க.