இது யார் வளர்த்த ஓடு? புதிதாகச் சேகரிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

கடற்கரையில் பொறுக்கிய ஒரு பிடி கிளிஞ்சலை மேசையில் கொட்டியதும் எல்லோரும் முதலில் தேடுவது பெயரைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். படத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கண் வலித்ததுதான் மிச்சம். ஒரே இனத்துச் சிப்பி பத்து நிறத்தில் கிடக்கும். வெயிலில் வெளுத்த பத்து இனங்கள் ஒன்றுபோலவே தெரியும். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஓடு எதனால் ஆனது, எந்த உயிர் இதை எப்படி வளர்த்தது என்று முதலில் கேளுங்கள்.

தேவையானவை அதிகமில்லை: ஒரு லென்ஸ், பழைய டூத் பிரஷ், வெள்ளை வினிகர், பென்சில், காகிதச் சீட்டுகள். சமையலறையிலிருந்து ஒரு முட்டை ஓடும் ஒரு துண்டு சிரட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவையும் ஓடுகள்தான்.

படி 1: காலியா என்று பாருங்கள்

ஒருமுறை நான் பையில் போட்டு வந்த சங்கு, மறுநாள் காலையில் அறையின் மறுகோடியில் கிடந்தது. உள்ளே துறவி நண்டு! இந்த நண்டுக்கு வயிற்றுப் பகுதியில் கெட்டியான ஓடு கிடையாது. நத்தை விட்டுப்போன கூட்டுக்குள் உடம்பை நுழைத்துத்தான் பிழைக்கிறது. எனவே கண்டெடுத்த சங்கை ஈர மணலில் வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். கால் எட்டிப் பார்த்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கூம்பு வடிவில், அழகான வலைப்பின்னல் கோலத்தோடு உயிருள்ள நத்தை கண்ணில் பட்டால் கையே வைக்காதீர்கள். கூம்பு நத்தைகள் ஈட்டி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்துபவை. சில இனங்களின் கொட்டு மனிதரைக் கொன்றிருக்கிறது. காலியா என்று சந்தேகமிருந்தாலும் தொடவேண்டாம்.

இன்னொன்று: நாட்டிலஸ் (சுருள் ஓடு கொண்ட, கணவாய்க்கு உறவான உயிர்), ராட்சத மட்டி, ராணிச் சங்கு ஆகியவை, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கு முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: கழுவுங்கள், வெளுக்காதீர்கள்

நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, பிரஷால் தேயுங்கள். நிழலில் காயவிடுங்கள். அவ்வளவுதான். பளிச்சென்று வரட்டும் என்று ப்ளீச்சில் போட்டு ஒரு சிப்பியின் பழுப்பு நிற மேல்தோலை முழுக்க இழந்தவன் நான். அது அழுக்கல்ல, அந்த உயிரே சுரந்து போர்த்திக்கொண்ட புரதத் தோல்.

படி 3: ஒரு சொட்டு வினிகர்

நல்ல ஓட்டில் வேண்டாம், உடைந்த துண்டில் செய்யுங்கள். ஒரு சொட்டு விட்டு லென்ஸ் வழியே பாருங்கள். பொடிக் குமிழிகள் கிளம்பினால் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் பொருள். வெளியேறுவது கரியமில வாயு. குமிழி தெரியாவிட்டால் துண்டைச் சற்றுப் பொடித்துவிட்டு மறுபடி விடுங்கள்.

சிப்பி, சங்கு, சோழி, முட்டை ஓடு எல்லாமே நுரைக்கும். சிரட்டை நுரைக்காது, அது மரத்தைப் போன்ற பொருள். நண்டு ஓடுதான் ஏமாற்றும்: கைட்டின் என்ற நார்ப்பொருளில் சுண்ணாம்பு ஏறி இறுகியது அது. முதலில் நுரைக்கும், நாள் முழுக்க வினிகரில் கிடந்தால் கரையாமல் வளையும் தகடாக மிஞ்சும்.

படி 4: வடிவத்தைப் படியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள், சுவையெல்லாம் இதில்தான்.

முறுக்கு இருந்தால் நத்தை இனம். கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்தபடி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் அறிவியல் கணக்கில் அது வலச்சுருள். பெரும்பாலானவை இப்படித்தான். இங்கே தமிழர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. நாம் வலம்புரி என்று சொல்லும் அரிய சங்கு, அறிவியலில் இடச்சுருள்! சங்கைத் தலைகீழாக, கூர்முனை கீழே இருக்கப் பிடித்துப் பார்த்து வந்த பெயர் அது. பிடிக்கும் விதம் மாறினாலும் முறுக்கு மாறாது, வாய் இருக்கும் பக்கம்தான் மாறும். ஆகவே குறித்து வைக்கும்போது எப்படிப் பிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அந்தக் கூர்முனையை லென்ஸில் பாருங்கள். நத்தை குஞ்சாக இருந்தபோது இருந்த வீடு அதுதான். மேன்டில் எனப்படும் சதைப்போர்வை வாயின் விளிம்பில் சுண்ணாம்பைச் சேர்க்கச் சேர்க்கக் கூடு பெரிதாகிறது. அதனால் நத்தை ஒருபோதும் வீடு மாற்றுவதில்லை. சோழியில் அந்தப் போர்வை வெளிப்புறத்தையும் மூடிக்கொள்ளும். அதன் பளபளப்புக்குக் காரணம் அதுவே.

முறுக்கில்லாமல், கிண்ணம் போல ஓரத்தில் கீல் இருந்தால் இருவாயில் சிப்பி, அதாவது இரண்டு ஓடுகள் கீலில் சேர்ந்தது. உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பாதிதான். உள்ளே மங்கலான வட்டத் தழும்பு தெரிகிறதா? ஓட்டை இழுத்து மூடும் தசை ஒட்டியிருந்த இடம்.

கைக்கு எடையே இல்லாத வெள்ளை நீள்வட்டம், நகம் பட்டால் கீறல் விழுகிறது என்றால் கணவாய் ஓடு. கடல் நுரை என்றும் சொல்வார்கள். இது உடம்புக்கு உள்ளே இருந்த ஓடு. இதன் நுண்ணிய அறைகளில் வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மிதக்கிறது. ஐந்து மடங்குச் சமச்சீரும் வரிசையாகத் துளைகளும் கொண்ட உருண்டை கடல் முள்ளெலியுடையது.

நண்டு ஓடு முழுதாக, உள்ளே வெறுமையாக, நாற்றமில்லாமல் இருந்தால் அது செத்த நண்டாக இருக்கவேண்டியதில்லை, உரித்துப்போட்ட பழைய சட்டையாக இருக்கலாம். நத்தையைப் போல விளிம்பில் கூட்டிக்கொள்ள நண்டால் முடியாது, வளர வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆமைக்கு இரண்டு வழியுமே இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்தே அதன் ஓடு, மேலே நம் நகத்தில் இருப்பது போன்ற கெரட்டின் தகடுகள். ஓட்டை விட்டு ஆமை வெளியே வரும் கார்ட்டூனெல்லாம் பொய்.

படி 5: துளையும் வளையமும்

சில சிப்பிகளில், கீலுக்கு அருகே, கம்மியர் குடைந்ததைப் போல ஒரு வட்டத் துளை இருக்கும். வெளியே அகலமாக, உள்ளே போகப்போகக் குறுகினால், அது நிலா நத்தை துளைத்தது. சுரப்பால் ஓட்டை மென்மையாக்கி, நாக்குப் பற்களால் சுரண்டி, உள்ளே இருந்ததைத் தின்றிருக்கிறது. மாலை கோக்கத் துளை தேடுகிறவர்கள் பொறுக்குவது இந்தக் கொலைத் தடயத்தைத்தான்.

வளர்ச்சி வளையங்களை எண்ணி வயது சொல்ல ஆசை வரும். நிதானம். 2006-ல் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த ஒரு சிப்பிக்கு முதலில் 400-க்குச் சற்று மேல் என்று கணக்கிட்டார்கள். கீல் பக்கத்தில் வளையங்கள் நெருங்கிக் கிடந்ததால், மறுபடி எண்ணியபோது 507 வந்தது. நிபுணர்களுக்கே நூறு ஆண்டு தப்புகிறது.

படி 6: சீட்டு, பெட்டி

எங்கே, எந்தத் தேதியில், என்ன நிலையில் கிடைத்தது என்று அன்றே பென்சிலில் எழுதி ஓட்டோடு வையுங்கள். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.

மரப்பெட்டி பார்க்க அழகு, ஆனால் வேண்டாம். ஓக் போன்ற மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி சுண்ணாம்பை மெல்ல அரிக்கும். 1899-ல் இதை விவரித்தவரின் பெயரால் பைன் நோய் என்கிறார்கள். நோய் என்று பெயர்தானே தவிர வெறும் வேதிவினை. பிளாஸ்டிக் டப்பாவே போதும். ஓட்டின் மேல் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி தெரிந்தால் உடனே தனியே எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். சீட்டையும் மறக்காமல் கூடவே மாற்றுங்கள்.