புத்தகத்தைத் திறந்ததும் கண் சொக்குகிறதா? விழித்திருந்து படிக்க ஒரு செய்முறை

இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்தபோது எட்டிப் பார்க்காத தூக்கம், புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். படிப்பில் அக்கறை இல்லை என்று அதற்காக உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். வீடியோவில் காட்சியும் ஒலியும் மாறி மாறி மூளையைத் தட்டிக்கொண்டே இருக்கும். புத்தகம் யாரையும் தட்டாது. உடம்பு அசையாமல், வாய் பேசாமல், கண் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் வேலை அது. உள்ளே ஏற்கெனவே தூக்கம் இருந்தால், வெளியே வர இதைவிட வசதியான நேரம் அதற்குக் கிடைக்காது.

ஆகவே முகம் கழுவ ஓடுவதற்கு முன், வந்திருப்பது எந்த வகைத் தூக்கம் என்று பாருங்கள். ஒன்றுக்கு உதவும் வழி இன்னொன்றுக்கு உதவாது.

படி 1: ஐந்து நிமிடச் சோதனை

கண் சொக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து 5 நிமிடம் நடங்கள். திரும்பி வந்து உட்கார்ந்த இரண்டு, மூன்று நிமிடங்களிலேயே மறுபடி தலை தொங்கினால், உடம்புக்கு நிஜமாகவே தூக்கம் தேவை. படி 2 உங்களுக்கு. நடந்து வந்தபின் பதினைந்து, இருபது நிமிடம் தெளிவாக இருந்து, அதன்பிறகு மெல்ல மந்தமானால் உட்காரும் விதம், வெளிச்சம், காற்று ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். அது படி 3. வேறு புத்தகத்தை எடுத்ததும் கண் பளிச்சென்று திறந்துகொள்கிறதா? அப்படியானால் சிக்கல் படிக்கும் முறையில் இருக்கிறது. நேராகப் படி 4-க்குப் போகலாம்.

படி 2: தூக்கக் கடனை அடையுங்கள்

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். தூங்கும்போதுதான் அது குறையும். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். நாள்தோறும் 5 மணி நேரம் தூங்குபவருக்கு இந்தப் பதிவில் உள்ள மற்ற எந்த வழியும் அதிக நேரம் தாங்காது. குளிர்ந்த நீரில் முகம் கழுவுவதும் சில நிமிடத் தெளிவுதான்.

அவசரத்துக்குக் குட்டித் தூக்கம் போடலாம். கண் அயர 5 நிமிடம் சேர்த்து, அலாரத்தை 25 நிமிடத்துக்கு வையுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். அதிலிருந்து பாதியில் எழுந்தால் படுப்பதற்கு முன் இருந்ததைவிடத் தலை கனமாக இருக்கும். ‘தூங்கினாலும் பிரயோசனமில்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரம் தூங்கியவர்களாகவே இருப்பார்கள். மாலை 4 மணிக்கு மேல் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், இரவுத் தூக்கம் கெடும்.

காபி என்ன செய்கிறது? மூளையில் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தைக் காபியில் உள்ள காஃபின் என்ற பொருள் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, வெளியே காத்து நிற்கிறது. காஃபின் விலகியதும் மொத்தமாக வந்து அழுத்தும். குடித்து 30 முதல் 60 நிமிடத்தில் அதன் வேகம் உச்சத்துக்கு வரும். பாதி அளவு உடம்பை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காபி குடித்த கையோடு குட்டித் தூக்கம் போடுவது நல்ல உத்தி: எழும் நேரத்துக்கும் காஃபின் வேலையைத் தொடங்கும் நேரத்துக்கும் ஏறக்குறைய பொருந்தும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பாதுகாப்பானது என்பது பொதுவான வரம்பு. சிறுவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். சாப்பாட்டின் மேல் மட்டும் பழி போட முடியாது. பிற்பகல் 1 முதல் 3 மணி வாக்கில் உடலின் உள் கடிகாரமே சற்று இறங்கும். வயிறு நிறையச் சாப்பிட்டால் இன்னும் கனக்கும். அந்த நேரத்தில் கணக்குப் போடுவது, படம் வரைவது, குறிப்பெடுப்பது போன்ற கை வேலைகளை வைத்துக்கொண்டு, வாசிப்பைக் காலைக்கு மாற்றுங்கள்.

படி 3: இடத்தைச் சரிசெய்யுங்கள்

படுக்கையில் படிக்காதீர்கள். இதில் சமரசம் வேண்டாம். நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். புத்தகம் மடியில் இருந்தால் தலை குனியும். பார்வை தாழும்போது மேல் இமையும் கூடவே இறங்கும். பாதிக் கண் மூடியபடி படித்துவிட்டுத் தூக்கம் வருகிறது என்றால் எப்படி? புத்தகத்தை மேசைமேல் சாய்த்து, கண்ணிலிருந்து சுமார் 40 செ.மீ. தூரத்தில் நிறுத்துங்கள்.

அறையை இருட்டாக்கி ஒரே ஒரு மேசை விளக்கில் படிப்பது அழகாக இருக்கும், ஆனால் தூக்கத்துக்கு அது அழைப்பு. அறை விளக்கும் எரியட்டும். கதவும் ஜன்னலும் அடைத்த சிறிய அறையில் சூடும் கரியமில வாயுவும் ஏறும், தலை மந்தமாகும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காலைப் போர்வையால் மூடிக்கொள்ளவும் வேண்டாம். கை கால் கதகதப்பானால் தூக்கம் சீக்கிரம் வரும்.

கூர்ந்து படிக்கும்போது நாம் இமைப்பது குறையும். கண் உலர்ந்து எரியும். அதைத் தூக்கம் என்று தவறாக எண்ணுவோம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டர் தொலைவில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். படித்தாலே தலைவலியோ கண்ணில் நீரோ வந்தால் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிட்டப் பொருளைப் பார்க்கக் கண் படும் சிரமமும் இதே களைப்பைத் தரும்.

படி 4: கையையும் வாயையும் வேலைக்கு இழுங்கள்

ஒரே வரியை மூன்று முறை படித்தும் ஒன்றும் ஏறவில்லை என்றால், கண் மட்டும் ஓடுகிறது, மனம் எங்கோ நிற்கிறது. இன்னும் கண்ணை உருட்டி விழிப்பதில் பயனில்லை.

ஒரு தடவைக்கு 3 முதல் 5 பக்கம் மட்டும் எடுங்கள். முதல் 2 நிமிடத்தில் தலைப்புகளையும் படங்களையும் புரட்டிப் பார்த்து, இந்தப் பக்கங்கள் பதில் சொல்ல வேண்டிய இரண்டு கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். பிறகு பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு படியுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் பார்வையைத் தூக்கி, அது என்ன சொன்னது என்று உங்கள் வார்த்தையில், முணுமுணுப்பாகவாவது, சொல்லுங்கள். வந்துவிட்டால் ஓரத்தில் மூன்று, நான்கு சொற்களில் குறிப்பு எழுதுங்கள். வராவிட்டால் அந்தப் பத்திக்கு மட்டும் திரும்புங்கள், பக்கத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டாம். ரொம்பக் கடினமான பத்தியை நின்றுகொண்டு வாய்விட்டுப் படிக்கலாம். முழுப் பாடத்தையும் அப்படிப் படித்தால் தொண்டைதான் களைக்கும்.

முதல் வாசிப்பிலேயே மஞ்சள் பேனாவை எடுப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எது முக்கியம் என்று தெரியும் முன்பே கோடு போட்டால் பக்கம் முழுக்க மஞ்சளாகும், மூளை சும்மா இருக்கும்.

கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை வெற்றுத் தாளில் 5 நிமிடம் எழுதுங்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

படி 5: கடிகாரமும் மொபைலும்

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையை 1980-களின் இறுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கினார். 25 என்பது மாற்றக்கூடாத எண் ஒன்றும் இல்லை. முதல் வாரம் 15 நிமிடத்தில் தொடங்குங்கள். ஓய்வில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். மொபைலைத் தொட்டால் 5 நிமிடம் 40 ஆகும். அது அடுத்த அறையில் இருக்கட்டும். நடுவில் ‘கரண்ட் பில் கட்டணுமே’ என்று தோன்றினால் பக்கத்தில் உள்ள துண்டுத் தாளில் குறித்துவிட்டுத் திரும்புங்கள்.

இரண்டு, மூன்று வாரம் போதுமான அளவு தூங்கியும் பகலில் தூங்கி வழிந்தால் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை எல்லாம் இப்படித்தான் வெளிப்படும். சளி, ஒவ்வாமைக்கான மாத்திரைகளில் சில, குறிப்பாகக் குளோர்ஃபெனிரமின் உள்ளவை, தூக்கத்தை வரவழைக்கும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.