மினி எக்ஸ்கவேட்டர் வாங்கும்போது டன் கணக்கை மட்டும் நம்பினால் எங்கெல்லாம் சிக்கும்

"எத்தனை டன் வண்டி எடுக்கலாம்?" என்றுதான் மினி எக்ஸ்கவேட்டர் எனும் சிறிய மண் தோண்டும் வண்டியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. முதல் தவறே அந்தக் கேள்விதான். டன் என்பது வண்டியின் எடை, அவ்வளவுதான். வண்டி எந்த வழியாக நுழைய வேண்டும், எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும், எதைத் தூக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. 3.5 டன்னிலேயே இரண்டு மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்று சுவரோரமாக நின்று தாராளமாகச் சுழலும். இன்னொன்றின் பின்பக்கம் சுவரில் போய் முட்டும்.

கடைக்குப் போவதற்கு முன் மூன்று அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வண்டி போகும் வழியிலேயே மிகக் குறுகலான இடம், மிக ஆழமான வெட்டு, மிகக் கனமான சுமை. இந்த மூன்றும் கையில் இருந்தால் விற்பவரின் பேச்சு உங்களை இழுத்துக்கொண்டு போகாது.

கேட்டை அளந்தால் போதாது

ஒரு வேலைக்கு கேட்டின் அகலம் 1.10 மீட்டர் என்று அளந்துவிட்டு, செயினை (வண்டி ஓடும் இரண்டு பட்டைகளை) உள்ளே இழுத்தால் 0.99 மீட்டர் வரும் ஒரு சிறிய வண்டியை வரவழைத்தேன். கேட்டைச் சுலபமாகத் தாண்டியது. அப்புறம் வீட்டின் பக்கச் சந்து. அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு மழைநீர்க் குழாய் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சந்தின் முனையில் ஒரு திருப்பம் வேறு. குழாயை எப்படியோ தாண்டிய வண்டி, திருப்பத்தில் மண் தள்ளும் பிளேடு சுவரில் உரசி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, திரும்பவும் இல்லை. பின்னால் எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அந்தக் குழியை ஆட்களை வைத்துக் கையால்தான் தோண்டினோம். இப்போதெல்லாம் வழியைத் தரையில் ஒரு முறை, முழங்கால் உயரத்தில் ஒரு முறை, தலைக்கு மேல் ஒரு முறை என்று அளக்கிறேன். திருப்பம் இருந்தால் வண்டியின் முழு நீளத்தையும் கணக்கில் சேர்க்கிறேன்.

செயின் அகலத்தைக் குறைத்து விரிக்கும் வசதி 1, 2 டன் வண்டிகளில் பரவலாக உண்டு. குறைத்த அகலம் நுழைவதற்கு மட்டும்தான். அந்த நிலையிலேயே நின்று பக்கவாட்டில் தோண்ட ஆரம்பித்தால் வண்டி சாயும். உள்ளே போனதும் செயினை விரிக்க இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள்.

பின்பக்கம் வெளியே நீளாத வண்டி, அதாவது ஜீரோ டெயில் ஸ்விங், சுவரோர வேலைக்கு உண்மையிலேயே வரப்பிரசாதம். ஆனால் பல சிறிய மாடல்களில் செயினை முழுதாக விரித்தால்தான் அந்த 'ஜீரோ' பொருந்தும். உள்ளே இழுத்தால் பின்பக்கம் செயினைத் தாண்டி வெளியே நிற்கும். ஒரே எடையில், பின்னால் நீளும் வண்டிக்குப் பெரும்பாலும் பக்கவாட்டுச் சமநிலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். திறந்த வெளியில் வேலை என்றால் ஜீரோ டெயிலுக்காகக் கூடுதல் பணம் போடத் தேவையில்லை என்பது என் கருத்து.

அட்டவணையில் இருக்கும் ஆழம்

அதிகபட்சத் தோண்டும் ஆழம் என்று போட்டிருப்பது பக்கெட்டின் பல் ஒரே ஒரு புள்ளியில் எட்டும் ஆழம். வாய்க்கால் தோண்டும்போது அடிமட்டம் சமமாக வர வேண்டும். அந்தச் சமமான அடிக்குக் கிடைக்கும் ஆழம் அதைவிடக் குறைவு. கைநீளத்தின் கடைசி எல்லையில் பக்கெட்டை மடக்கவும் வசதி இருக்காது. 2 மீட்டர் வாய்க்காலுக்கு அட்டவணையில் 2.3 மீட்டர் போட்ட வண்டியை எடுத்தால் ஆபரேட்டர் நாள் முழுவதும் தவிப்பார். தோண்டிய மண்ணை வாய்க்கால் விளிம்பிலிருந்து தள்ளித்தான் கொட்ட வேண்டும். இல்லையென்றால் விளிம்பு சரிந்து, உள்ளே இருப்பவர் மேல் விழும். அதற்கும் எட்டும் நீளம் வேண்டும்.

மண்ணின் அளவையும் போட்டுப் பாருங்கள். 60 செ.மீ. அகலம், 1.5 மீட்டர் ஆழம், 30 மீட்டர் நீளம் என்றால் 27 கன மீட்டர். தோண்டியதும் மண் சுமார் கால் பங்கு உப்பும், சில மண் அதற்கு மேலும். பக்கெட் 0.04 கன மீட்டரா 0.1 கன மீட்டரா என்பதைப் பொறுத்து அது ஒரு நாள் வேலையா, இரண்டு நாள் வேலையா என்பது மாறிவிடும். அதற்காகச் சின்ன வண்டியில் பெரிய பக்கெட்டை மாட்டாதீர்கள். இறுகிய மண்ணில் பல் இறங்காமல் வண்டியின் முன்பக்கம்தான் எழும்பும்.

தூக்கும் திறன்: அதிகம் பேர் தவறுவது இங்கேதான்

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் வண்டிக்கு மிகச் சாதகமான நிலைக்கு உரியது: சுமை பக்கத்தில், பூம் (தோண்டும் கையின் அடித்தண்டு) நேர் முன்னால், பிளேடு தரையில் ஊன்றியபடி. வேலையிடத்தில் சுமையைத் தூக்கி, அப்படியே பக்கவாட்டுக்குத் திருப்பி, குழிக்குள் இறக்குகிறோம். பக்கவாட்டில் செயினின் அகலம்தான் வண்டியின் பிடிமானம். முன்னால் தைரியமாகத் தூக்கிய வண்டி, 90 பாகை திரும்பியதும் எதிர்ப்பக்கச் செயின் மெல்லத் தரையை விட்டு எழும்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்துக் குழிக்குள் ஆள் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது.

ஒரு கணக்கு. 1 மீட்டர் உள்விட்டம், 10 செ.மீ. தடிப்பு, அரை மீட்டர் உயரம் உள்ள கான்கிரீட் உறை ஒன்றின் எடை சுமார் 415 கிலோ. அதை 3 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் இறக்க வேண்டும் என்றால், தூக்கும் அட்டவணையில் '3 மீட்டர், பக்கவாட்டு' என்ற கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அதிலிருந்து சங்கிலி, கொக்கி, பக்கெட்டைச் சட்டென மாட்டிக் கழற்ற உதவும் குவிக் ஹிட்ச் எடைகளைக் கழிக்க வேண்டும். பல அட்டவணைகள் பக்கெட் மாட்டாத நிலையில் போடப்பட்டவை, அப்படியானால் பக்கெட்டின் எடையும் கழியும். ஐஎஸ்ஓ 10567 என்ற சர்வதேசத் தரப்படி போட்ட அட்டவணையில், வண்டி கவிழத் தொடங்கும் சுமையில் 75 சதவீதம் அல்லது ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால்) தூக்கும் திறனில் 87 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது இருக்கும். அந்த மிச்சம் உங்களுக்கான பாதுகாப்பு. அதுவும் தரை கெட்டியாகவும் சமமாகவும் இருந்தால்தான் பொருந்தும்.

சுமை தூக்கும் வேலை அடிக்கடி உண்டு என்றால், ஹோஸ் வெடித்தாலும் பூமைக் கீழே விழாமல் பிடிக்கும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கெட் பல்லில் சங்கிலியை மாட்டித் தூக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

'பிரேக்கர் லைன் இருக்கிறது' என்றால் மட்டும் போதாது

வண்டியில் கூடுதல் ஹைட்ராலிக் லைன் இருக்கிறது என்று சொன்னதும் திருப்தியாகிவிடுகிறோம். எந்த மாதிரி லைன் என்பதுதான் விஷயம். பாறை, கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கருக்கு எண்ணெய் ஒரு திசையில் போனால் போதும். ஆனால் திரும்பி வரும் எண்ணெய் அதிகத் தடையில்லாமல் நேராகத் தொட்டிக்குப் போக வேண்டும். குழி போடும் ஆகருக்கு இரண்டு திசையிலும் ஓட்டம் வேண்டும், இல்லையென்றால் மண்ணில் இறுகிய ஆகரைத் திருப்பி எடுக்க முடியாது. சாய்க்கும் பக்கெட்டும் விரல் போலப் பிடிக்கும் தம்பும் சேர்ந்து வேண்டுமானால் இரண்டாவது லைன் தேவை.

அடுத்தது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை பார் (அழுத்தத்தின் அலகு). பிரேக்கரின் தகட்டில் 20 முதல் 40 லிட்டர் என்றிருந்து, வண்டி 60 லிட்டர் தள்ளினால், சீல்கள் சீக்கிரம் போகும். குறைவாகத் தள்ளினால் அடி மெதுவாக, வலுவில்லாமல் விழும். பயன்படாத அழுத்தம் முழுவதும் வெப்பமாகத்தான் மாறும். நிமிடத்துக்கு 40 லிட்டர் எண்ணெய் 150 பாரில், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பினால் 10 கிலோவாட் வெப்பம். 1,000 வாட் தண்ணீர் ஹீட்டர் பத்தை எண்ணெய்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு வேலை செய்வது போல. மதியத்துக்கு மேல் வண்டி சோர்ந்துபோகிறது என்று ஆபரேட்டர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஃப்ளோவை அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கும் வண்டியாகப் பாருங்கள். பிரேக்கர் வேலை அதிகம் என்றால் எண்ணெயையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக இன்னும் இரண்டு

லீவர் அமைப்பில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஒன்றில் பூம் வலது கையில், மற்றதில் இடது கையில். ஒன்றில் பழகிய கை, அவசரத்தில் பழகிய பக்கமே போகும். உங்கள் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாருங்கள், அல்லது மாற்றும் வால்வு உள்ள வண்டியை எடுங்கள். இன்னொன்று, ஏற்றிச் செல்லும் எடை. வண்டி, இரண்டு பக்கெட், பிரேக்கர், டிரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்த்துத்தான் உங்கள் இழுக்கும் வாகனம் தாங்க வேண்டும்.

பழைய வண்டி பார்க்கும்போது

ஹவர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரை மாற்றலாம், மூட்டுகளில் தேய்ந்த பின்னையும் புஷ்ஷையும் ஒளிக்க முடியாது. பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கச் சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டு, பக்கெட்டைப் பக்கவாட்டில் கையால் ஆட்டுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும், 'டக் டக்' என்ற சத்தமும் கேட்கும். அடுத்து பக்கெட்டைத் தரையில் ஊன்றி, வண்டியின் முன்பக்கத்தை மெல்ல எழுப்பி இறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் தள்ளி நின்று, மேல்பாகத்துக்கும் செயின் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி திறந்து மூடினால், மேல்பாகத்தைச் சுழல விடும் ஸ்விங் பேரிங் தேய்ந்திருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் மேல்பாகத்தையே கழற்றித் தூக்க வேண்டும், செலவு பெரியது.

சிலிண்டர் தண்டுகளில் விரலை ஓட்டிப் பாருங்கள், கீறல் இருந்தால் சீல் நிற்காது. பூமின் அடிப்பகுதியில் புதுப் பெயின்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால், அதற்கடியில் வெல்டிங் இருக்கிறதா என்று தேடுங்கள். நேர்க்கோட்டில் 20 மீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் ஓட்டும் மோட்டாரிலோ பம்பிலோ சிக்கல் இருக்கலாம்.

இந்தச் சோதனைகளில் சிலவற்றை எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு மறுபடி செய்ய வேண்டும். தேய்ந்த பம்ப், எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். சூடாகி எண்ணெய் இளகியதும் பூமும் ஸ்விங்கும் ஒன்றாக இயங்கத் திணறும். எஞ்சின் விஷயம் நேர் எதிர். அதைக் குளிர்ந்த நிலையில்தான் முதலில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். அதனால் போய் இறங்கியதும், விலை பேசுவதற்கு முன்பே, எஞ்சின் மூடியைத் திறந்து எட்டத்தில் கையை நீட்டிப் பாருங்கள். அனல் அடித்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அன்று எதையும் முடிவு செய்யாமல், மறுநாள் காலையில், நீங்கள் வரும்வரை சாவி போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாருங்கள்.