பழைய தேக்கு நிலைக்கு அதே அச்சில் பீடிங் செய்வது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் பர்மா தேக்குக் கதவு நிலை அசையாமல் நிற்கும். போவது அதைச் சுற்றி அடித்த பீடிங்தான் (மேடுபள்ளமாக அச்சு இழைத்த ஒல்லி மரச்சட்டம்). கரையான் தின்றிருக்கும், இல்லை யாராவது கழற்றி அடுப்பெரித்திருப்பார்கள். முதலில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேடுங்கள். கிடைக்கவில்லையா? ஐந்தாறு அடிதான் வேண்டுமென்றால் கையாலேயே செய்துவிடலாம். இதற்காக மரத்தில் அச்சு வெட்டும் ரூட்டர் மெஷின் வாங்குவது தண்டச் செலவு.

1. அச்சு எடுப்பது

பாதி வேலை இதுதான். பல பூச்சு பெயின்ட் ஏறிய பீடிங்கில் பள்ளம் தூர்ந்து, முனை மழுங்கியிருக்கும். அப்படியே படியெடுத்தால் பெயின்டின் வடிவம்தான் வரும். அதனால் நிலையின் மேல்பகுதியில், கைபடாத இடத்தில் இரண்டு அங்குலம் மட்டும் பெயின்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், நெருப்பும் காட்டாதீர்கள்.

உடைந்த துண்டு இருந்தால் அதன் முனையை நேராக அறுத்து, அட்டையில் வைத்துக் கூர்பென்சிலால் வரையுங்கள். இல்லாவிட்டால் ஊசி வரிசை உள்ள புரொஃபைல் கேஜை அழுத்தி எடுங்கள். வரைந்ததை நூல் கணக்கில் (அங்குலத்துக்கு 8 நூல்) அளந்து பாருங்கள். அந்தக் காலத்து ஆசாரி அளவு பெரும்பாலும் அதில் வந்து உட்காரும். உட்காரவில்லையென்றால் பள்ளத்தில் இன்னும் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. பிளேடு

மரத்தில் அந்த அச்சைச் சுரண்டி எடுக்க, வளையும் ரக ஹேக்ஸா (இரும்பு அறுக்கும் ரம்பம்) பிளேடில் ஒரு துண்டு போதும். பல் பக்கம் அரம் ஏறாது. முதுகுப் பக்கத்தில், வரைந்த அச்சின் எதிர்வடிவத்தை அராவுங்கள். பீடிங்கில் மேடு இருந்தால் பிளேடில் பள்ளம். பக்கங்களைச் சாணைக்கல்லில் தேயுங்கள். பிறகு 'எல்' வடிவக் கட்டையில் கீறலிட்டு, அதில் பிளேடைச் செருகி ஸ்க்ரூவால் இறுக்குங்கள்.

3. இழைப்பது

ஒல்லியான ரீப்பரில் (மரச்சட்டத்தில்) ஆரம்பிக்காதீர்கள், ஆடும். அகலப் பலகையின் ஓரத்தில் இழைத்துவிட்டு அப்புறம் அறுத்தெடுங்கள். கட்டையை நகர்த்தும் பக்கம் லேசாகச் சாய்த்து, ரேகை போகும் திசையில் மெல்லச் சுரண்டுங்கள். அழுத்தினால் மரம் பிய்யும். தேக்கிலுள்ள சிலிக்கா பிளேடை மழுக்கும். தூள் மட்டும் விழுந்தால் மறுபடி சாணை பிடியுங்கள்.

4. பொருத்துவது

மூலைகளை 45 டிகிரியில் அறுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்த கையோடு பசை போட்டு, தலையில்லா ஆணி அடியுங்கள்.

பாலிஷுக்கு அவசரப்படாதீர்கள். புதிதாக இழைத்த தேக்கு திட்டுத் திட்டாகத்தான் தெரியும். சில வாரம் வெளிச்சம் பட்டால் நிறம் ஒன்றுசேரும். அதன்பிறகு, மிஞ்சிய துண்டில் பூசிப் பார்த்து நிறம் சேருங்கள்.