புதிய இலகுரக விளையாட்டு விமானத்தின் வாய்ப்புகளை எடைபோடுவது எப்படி

அமெரிக்கச் சந்தைக்கு வரவிருக்கும் புதிய இலகுரக விளையாட்டு விமானம் ஒன்றில் பணம் போடுமுன், அது எந்த விதியின்கீழ் சான்று பெறப்போகிறது என்று கேட்டறியுங்கள். 2004ஆம் ஆண்டின் விதி, நிலத்தில் இறங்கும் விமானத்துக்கு 600 கிலோ, நீரில் இறங்குவதற்கு 650 கிலோ என எடையை வரையறுத்து, இருக்கைகளை இரண்டோடு நிறுத்தியது. 2025 ஜூலையில் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் இறுதிசெய்த மொசைக் விதியோ அந்த எடை வரம்பை நீக்கி, ஸ்டால் வேகத்தை, அதாவது அதற்கும் கீழே சென்றால் இறக்கைகள் விமானத்தைத் தாங்க முடியாத வேகத்தை, முக்கிய அளவுகோலாக்கி, நான்கு இருக்கைகள் வரை அனுமதிக்கிறது. ஆயினும் ஸ்போர்ட் பைலட் சான்றிதழ் (இத்தகைய எளிய விமானங்களை ஓட்டுவதற்கான உரிமம்) மட்டும் உடையவர் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றிச்செல்லலாம் என்பதால், நான்கு இருக்கை விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் தரங்களுக்கு விமானம் இணங்குவதாகத் தயாரிப்பாளரே உறுதிமொழி அளிக்கும் முறை இது. எனவே சோதனைப் பறப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அடுத்தது விலை, என் கணிப்பில், விதிகளைவிட இதுவே அதிகத் திட்டங்களைக் கவிழ்க்கிறது. 2007இல் 1,09,500 டாலருக்கு அறிவிக்கப்பட்ட செஸ்னா நிறுவனத்தின் ஸ்கைகேட்சர் என்ற இலகுரக விமானம், பின்னர் 1,49,900 டாலராக உயர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் பெற்றிருந்தும் கைவிடப்பட்டது. ஆகவே முன்பதிவு எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ளாமல், உற்பத்திக்கான மூலதனத்தையும், பயிற்சிப் பள்ளிகளின் உறுதியான கொள்முதலையும், உதிரிபாக ஏற்பாட்டையும், காப்பீட்டுக் கட்டணத்தையும் விசாரியுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையை எழுத்தில் பெறுங்கள்.