‘நான் வேண்டாதவள்’: மனத்தின் அடியில் கிடக்கும் நம்பிக்கையைக் கண்டெடுக்கும் முறை

வளைகாப்பு வீட்டுக்குள் நுழையும் ஒரு பெண்ணை, விளக்கத்திற்காக, கற்பனை செய்துகொள்வோம். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் நாத்தனார், இந்தப் பெண்ணுக்கு முன்னால் வந்தவர்களையெல்லாம் ‘வாங்க, வாங்க’ என்று அழைக்கிறார். இவர் படியேறும் நேரத்தில் மட்டும் உள்ளேயிருந்து யாரோ கூப்பிடத் திரும்பிப் போய்விடுகிறார். அரை நிமிடத்தில் முடிந்துபோன இந்தச் சம்பவத்திற்காக அந்தப் பெண் பந்தியில் உட்காராமல், தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, இரண்டு இரவுகள் தூக்கமில்லாமல் கிடக்கிறார். ‘இதுக்குப் போயா?’ என்கிறார் கணவர். உண்மையில் அது மிக நல்ல கேள்வி. குற்றம் சாட்டும் குரலில் கேட்கப்படுவதால்தான் அதற்குப் பதில் வருவதில்லை. அதையே பொறுமையாக, படிப்படியாகக் கேட்கும் வழியைத்தான், எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை வகுத்துத் தந்திருக்கிறது.

இந்தச் சிகிச்சையை உருவாக்கியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஆரன் பெக். மனத்தின் ஆழத்தில் மறைந்திருப்பதைத் தேடும் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றிருந்த அவர், மனச்சோர்வு என்பது தன்மீதே திரும்பிய கோபம் என்ற அக்காலக் கருத்தைச் சோதிப்பதற்காக நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் கோபத்தைவிட இழப்பும் தோல்வியுமே நிறைந்திருக்கக் கண்டார். சிகிச்சையின்போது தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் பதற்றமடைந்ததற்குக் காரணம் பேச்சின் பொருள் அல்ல, ‘நான் சொல்வது இவருக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்று பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த எண்ணம்தான் என்பதும் அவருக்குப் புலப்பட்டது. இப்படி நாம் அழைக்காமலேயே வந்துபோகிறவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்கிறார்கள். அவற்றுக்குக் கீழே, ‘இப்படி நடந்துகொண்டால்தான் நான் தப்பிப்பேன்’ என்ற வகையில் நாம் நமக்கு விதித்துக்கொண்ட விதிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில், தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் சிறுவயதிலிருந்து படிந்துபோன, விலக்கே இல்லாத தீர்ப்புகள் கிடக்கின்றன. அவையே அடிப்படை நம்பிக்கைகள். தன்னைப் பற்றிய எதிர்மறைத் தீர்ப்புகளை ஆரன் பெக்கின் மகளும் உளவியலாளருமான ஜூடித் பெக் மூன்று வகையாகப் பிரிக்கிறார்: என்னால் இயலாது என்பது ஒன்று, என்னை யாராலும் நேசிக்க முடியாது என்பது ஒன்று, நான் மதிப்பற்ற பிறவி என்பது மற்றொன்று.

இந்த அடிப்படை நம்பிக்கையைத் தேடத் தொடங்குவதற்குப் பொருத்தமான சம்பவத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வாழ்க்கையின் மிகப் பெரிய துயரத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். கடந்த சில நாட்களில் நடந்ததும், நடந்ததன் அளவைவிட மனம் பட்ட பாடு அதிகமாக இருந்ததுமான ஒரு சிறு நிகழ்வே போதும். எங்கே, எப்போது, யார் இருந்தார்கள் என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். அப்போது எழுந்த உணர்வுக்குப் பெயரிட்டு, நூற்றுக்கு எத்தனை என்று அதன் கடுமையைக் குறியுங்கள். பிறகு அந்த நொடியில் மனத்தில் ஓடிய எண்ணத்தை, அது வந்த வடிவத்திலேயே எழுதுங்கள்.

‘வந்த வடிவத்திலேயே’ என்பதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். இத்தகைய பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடைப்பதால், தமிழில் வளர்ந்தவர்களும் அவற்றை ஆங்கிலத்திலேயே நிரப்புகிறார்கள். நாளெல்லாம் ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது இயல்பாகவும் தோன்றும். ஆனால் நாம் நம்மைத் திட்டிக்கொள்வது வேறு மொழியில். ‘தன்மதிப்புக் குறைவு’ என்று யாரும் தனக்குள் சொல்லிக்கொள்வதில்லை. ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’, ‘நான் ராசியில்லாதவ’, ‘எல்லாருக்கும் பாரமா இருக்கேன்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பேச்சு மொழியில் எழுதினால்தான் தொண்டை அடைக்கும். தொண்டை அடைக்கும் இடத்தில்தான் நாம் தேடுவதும் இருக்கும். ஆகவே இலக்கணம் பார்க்காமல், வீட்டில் பேசுவதுபோல எழுதுங்கள்.

இனி, கீழ்நோக்கிய அம்பு என்று அழைக்கப்படும் முறைக்கு வருவோம். எழுதிய எண்ணத்திற்குக் கீழே ஓர் அம்புக்குறி இட்டு, ‘இது உண்மை என்றே வைத்துக்கொண்டால், அதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்க வேண்டும். எண்ணம் சரியா தவறா என்ற வாதத்தை இந்தக் கட்டத்தில் அறவே ஒதுக்கிவிட வேண்டும். வாதாடத் தொடங்கிய கணமே மனம் மேலேறிவிடும். நம் உதாரணப் பெண்ணின் முதல் வரி, ‘வேணும்னேதான் என்னைக் கூப்பிடல’ என்பது. அப்படியே இருக்கட்டும், அதற்கு என்ன அர்த்தம்? ‘இந்த வீட்டு ஆளா என்னை அவங்க நினைக்கவே இல்ல.’ அப்படியானால்? ‘பதினொரு வருஷம் ஆகியும் நான் வெளி ஆளுதான்.’ அதில் உங்களை மிகவும் வருத்துவது எது? ‘எங்க போனாலும் இப்படித்தான்; நான் யாரோடயும் ஒட்டமாட்டேன்.’ அது உங்களைப் பற்றி என்ன சொல்கிறது? நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, ‘நான் வேண்டாதவ.’

இங்கே கேள்வி மாறிக்கொண்டு வந்ததைக் கவனியுங்கள். ‘அதற்கு என்ன அர்த்தம்?’ என்ற கேள்வி பெரும்பாலும் நடுத்தட்டிலுள்ள விதிகளுக்கு அழைத்துச் செல்லும். ‘அது என்னைப் பற்றி என்ன சொல்கிறது?’ என்ற கேள்வியே அடித்தட்டைத் தொடும். வழியில் சில இடறல்களும் உண்டு. ‘அப்படியென்றால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்’ என்று உணர்வையே பதிலாக எழுதினால் அம்பு அங்கேயே நின்றுவிடும். அந்தக் கஷ்டத்திலும் பொறுக்க முடியாத பகுதி எது என்று கேட்டுத்தான் மேலே தொடர வேண்டும். ‘ஏன் என்னை மட்டும் இப்படி நடத்துகிறார்கள்?’ என்று கேள்வியாக வந்தால், அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பதிலை வாக்கியமாக மாற்றி எழுதுங்கள். ‘அவங்க குணமே அப்படித்தான்’ என்று பிறரைப் பற்றிய வரி வந்தால் அதையும் ஒதுக்காதீர்கள்; பிறரைப் பற்றிய அடிப்படை நம்பிக்கையும் உண்டு, ஆனால் அதைத் தனித் தாளில் குறித்துக்கொண்டு உங்களைப் பற்றிய இந்த இழையைப் பிடித்துக்கொண்டே போங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதற்குச் சில அடையாளங்கள் இருக்கின்றன. வாக்கியம் மூன்று நான்கு சொற்களுக்குச் சுருங்கிவிடும். ‘சில நேரம்’, ‘ஒருவேளை’ போன்ற சொற்கள் அதில் இருக்காது. அடுத்த கேள்விக்கும் அதே பதில் வேறு சொற்களில் திரும்பி வரும். உடலும் அதை அறிவிக்கும். அந்த வாக்கியத்தை எழுதி, அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதற்கு இரண்டு எண்களைக் குறியுங்கள்: அறிவுக்கு நூற்றில் எத்தனை, மனத்துக்கு நூற்றில் எத்தனை. முதல் எண் முப்பதாகவும் இரண்டாவது தொண்ணூறாகவும் இருப்பதில் முரண் ஏதுமில்லை.

ஒரே அம்பை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கிடைத்தது ஓர் ஊகம் மட்டுமே. இன்னும் மூன்று நான்கு சம்பவங்களை, அலுவலகத்திலிருந்து ஒன்று, நட்பிலிருந்து ஒன்று என்று வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து இதேபோல் இறங்கிப் பாருங்கள். எல்லா அம்புகளும் ஒரே வாக்கியத்தின் அருகில் போய் விழுந்தால் ஊகம் வலுப்பெறுகிறது. உங்கள் அன்றாட விதிகளையும் கேட்டுப் பார்க்கலாம். விசேஷ வீடுகளிலெல்லாம் முதல் ஆளாகச் சமையற்கட்டில் நின்று, கடைசி ஆளாகச் சாப்பிட்டு, எவர் எது கேட்டாலும் மறுக்காத ஒருவரிடம், ‘ஒரு நாள் இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்டால், ‘உபயோகமா இருந்தாத்தான் என்னைச் சேர்த்துக்குவாங்க’ என்ற விதி வெளிவரலாம். ‘வேண்டாதவ’ என்ற தீர்ப்பை மூடி மறைக்கவே அந்த விதி இத்தனை காலம் உழைத்திருக்கிறது.

‘இதே உணர்வு முதன்முதலாக எப்போது வந்தது?’ என்ற கேள்வியும் உதவும். நம் சூழலில் இதற்கான விடை சில நேரம் வெளிப்படையாகவே கிடக்கிறது. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்பதற்காகப் பெண் குழந்தைக்குப் ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெயர் வைத்த வழக்கம் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. ஒரு நாளில் பலமுறை அந்தப் பெயரால் அழைக்கப்பட்டு வளர்ந்த குழந்தை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. பெயர் அப்படி இல்லாவிட்டாலும், ‘உன்னாலதான் எல்லாம்’, ‘அவனைப் பாத்துக் கத்துக்கோ’ என்று அடிக்கடி காதில் விழுந்த வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி, கண்டெடுத்த நம்பிக்கையின் அருகில் வைத்துப் பாருங்கள். பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இதன் நோக்கமல்ல; இந்தத் தீர்ப்பு நம்மோடு பிறந்ததல்ல, ஒரு வயதில் கற்றுக்கொண்டது என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் உண்மையிலேயே அடிக்கப்படுகிறார், சாதியாலோ நிறத்தாலோ ஒதுக்கப்படுகிறார் என்றால், அங்கே முதலில் மாற வேண்டியது அவருடைய எண்ணம் அல்ல. பாதுகாப்பும் நியாயமுமே அங்கே முதல் தேவை. அடுத்ததாக, கடும் மனச்சோர்விலோ பழைய வன்முறையின் நினைவுகளிலோ தவிப்பவர்கள் இந்த அம்பைத் தனியாக இறக்கக் கூடாது. சிகிச்சையாளர்களேகூட வழக்கமாக முதல் சந்திப்பில் இதைச் செய்வதில்லை. மேல்மட்ட எண்ணங்களைக் கையாளும் பழக்கம் வந்த பிறகே ஆழத்துக்குப் போகிறார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தாளை மூடிவிட்டு உடனே ஒருவரிடம் பேசுங்கள்: இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

கண்டெடுத்ததை என்ன செய்வது? அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டீன் பதெஸ்கி இத்தகைய நம்பிக்கையை முன்முடிவோடு ஒப்பிடுகிறார்: ஓர் இனத்தாரைத் தாழ்வாக நினைப்பவர் தன் கருத்துக்கு ஒத்துவருவதை உடனே ஏற்கிறார், ஒத்துவராததைக் கவனிப்பதில்லை, கவனிக்க நேர்ந்தால் ‘இது விதிவிலக்கு’ என்று தள்ளிவிடுகிறார். நம்மைப் பற்றி நாமே அப்படி ஒரு முன்முடிவு வைத்திருக்கிறோம். எனவே ‘நான் எல்லாருக்கும் பிடித்தமானவள்’ என்று நேரெதிரான வாக்கியத்தை எழுதுவதில் பயனில்லை. மனம் அதை ஒரு நாளும் ஏற்காது. ‘சிலருக்கு நான் வேண்டியவள்’ என்பதுபோல, இன்று பத்து விழுக்காடாவது நம்பக்கூடிய வாக்கியம் ஒன்று வேண்டும். பிறகு ஒரு சிறு நோட்டில், அதற்குச் சான்றாக ஒவ்வொரு நாளும் நடந்ததை, எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், தேதியோடு குறிக்க வேண்டும். ‘இதெல்லாம் ஒரு கணக்கா’ என்று தோன்றும் இடத்தில்தான் முன்முடிவு வேலை செய்கிறது. அந்த வரியை அவசியம் எழுதுங்கள். சில மாதங்கள் இது நீளும். நம் உதாரணப் பெண்ணின் நோட்டில் முதல் நாள் வரி இப்படி இருக்கலாம்: ‘வளைகாப்புல நான் சாப்பிடாம வந்துட்டேன்னு தெரிஞ்சு, ஓரகத்தி ராத்திரி போன் பண்ணி, தலைவலி தேவலையான்னு கேட்டா.’