திரையில் படம் வந்துவிட்டால் போதுமா?

போன வாரம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் லினக்ஸ் ஓடும் சின்னக் கணினிப் போர்டும் கையுமாக வந்தார். "அண்ணே, கிராபிக்ஸ் டிரைவர் முடிஞ்சுது, ஸ்கிரீன்ல படம் வந்துடுச்சு." எனக்குச் சுரீரென்றது. இதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் சொல்லி, மூன்று வாரம் தொலைத்திருக்கிறேன். கேபிளைச் சரிபாருங்கள், லாக்கைப் படியுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிட்டு, பலரும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

படம் தெரிகிறது, ஆகவே ஜிபியு ஓடுகிறது

மேசைக் கணினியில் வரைவதும் திரைக்கு அனுப்புவதும் ஒரே கார்டின் வேலை. போர்டுகளில் உள்ள சிப்களில் பெரும்பாலும் அப்படியில்லை. வரைவது ஜிபியு என்ற கிராபிக்ஸ் பகுதி, வரைந்ததைத் திரைக்குத் தள்ளுவது டிஸ்ப்ளே கன்ட்ரோலர். ராஸ்பெர்ரி பை 4-ஐ எடுத்துக்கொண்டால் முதலாவதற்கு வி3டி டிரைவர், இரண்டாவதற்கு விசி4. டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் ஏறினாலும் படம் வந்துவிடும். வரைகிற வேலையை மீசா என்ற கிராபிக்ஸ் லைப்ரரி நைசாக எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருளிடம் கொடுத்துவிடும். அதாவது, சிபியு தலையில் கட்டிவிடும்.

நான் மாட்டியது ஒரு அளவி முகப்பில். சுழலும் முள், 1024×600 திரை, அவ்வளவுதான். என் மேசையில் நொடிக்கு 60 ஃப்ரேம். அதையே கருவிக்குள் பொருத்தினால் 9. நான்கு கோர்களும் திணறின. சூடு காரணமோ என்று ஹீட்சிங்க்கை மாற்றினேன். நிழல்களை எடுத்தேன், படங்களைச் சுருக்கினேன். கடைசியில், "இந்தச் சிப்புக்கு இவ்வளவுதான் தெம்பு" என்று அறிக்கையே எழுதி, பெரிய சிப் உள்ள போர்டுகளுக்கு ஆர்டரும் போட்டாயிற்று.

மேசையில் நான் எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசராக நுழைந்து ஓட்டியிருந்தேன். கருவியில் அதே நிரல் தனி யூசரின் பெயரில் சர்வீஸாக ஓடியது. அந்த யூசர் 'ரெண்டர்' குரூப்பில் இல்லை. ஜிபியுவின் டிவைஸ் கோப்பைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லை. குரூப்பில் சேர்க்க ஒரே ஒரு கட்டளை. ஆர்டர் போட்ட போர்டுகள் அதற்குள் வந்து இறங்கிவிட்டன.

இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. கதவு பூட்டியிருந்தால் கத்த வேண்டாமா? (கத்தத்தான் செய்தது. சர்வீஸின் எரர் வெளியீட்டைக் குப்பைக்கு அனுப்பி வைத்திருந்தது நான்தான்.) அதன் பிறகு ஒரு பழக்கம். நிரல் கிளம்பியதும் ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகத்திடம் ரெண்டரரின், அதாவது உண்மையில் வரைவது எதுவோ அதன், பெயரைக் கேட்கும். எல்எல்விஎம்பைப் அல்லது சாஃப்ட்பைப் (இதுவும் சிபியுவில் வரைவதுதான்) என்று பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடும். சோதனையும் எப்போதும் அந்த சர்வீஸ் யூசராகவே, ரூட்டாக அல்ல.

-517ஐக் கண்டு பதறுவது

லினக்ஸின் மையமான கெர்னலின் லாக்கில் டிரைவர் -517 என்று சொல்வது கோளாறே அல்ல. டிரைவருக்கு வேண்டிய கிளாக்கோ, மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டரோ, திரைப் பேனலோ இன்னும் தயாராகவில்லை, பிறகு முயல்கிறேன் என்று சொல்கிறது. பூட் முடிந்த பிறகும் காத்துக்கொண்டே இருந்தால்தான் கவலை. அப்போது ஜிபியு டிரைவரைக் குடையாதீர்கள். அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியலில்) தேடுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு நோடு முடக்கப்பட்டிருக்கும், அல்லது அந்த ரெகுலேட்டரின் டிரைவரையே கெர்னலில் சேர்த்திருக்க மாட்டீர்கள்.

டிரைவர் கெர்னலுக்குள், ஃபர்ம்வேர் வட்டில்

கோப்புகள் உள்ள ரூட் ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆகும் முன்பே, கெர்னலுக்குள் சேர்த்த டிரைவர் தன் சிப்புக்கு ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும். கிடைக்காது, -2, அதாவது கோப்பு இல்லை என்ற பிழை, வரும். கோப்பு அங்கேதானே இருக்கிறது என்று நீங்கள் குழம்புவீர்கள். டிரைவரைப் பிறகு ஏறும் மாட்யூலாக்குங்கள், இல்லை ஃபர்ம்வேரையும் கெர்னலுக்குள் சேருங்கள்.

சிஎம்ஏவை மறப்பது

சிஎம்ஏ என்பது டிஸ்ப்ளே போன்றவற்றுக்காகக் கெர்னல் தொடர்ச்சியாக ஒதுக்கி வைக்கும் நினைவகம். 1920×1080, பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு ஃப்ரேமுக்கே சுமார் 8 எம்பி. மூன்று பஃபருக்கு 24. நீங்கள் சிஎம்ஏவுக்கு ஒதுக்கியது 16 எம்பிதான்.

உற்பத்தியாளரின் மூடிய டிரைவரையும் மீசாவையும் ஒரே இமேஜில் போடுவது

வேண்டாம். இரண்டும் ஒரே பெயரில் லைப்ரரி வைத்திருக்கும், கடைசியாக ஏறியதே நிற்கும். சரி, தம்பியின் போர்டுக்கு வருவோம். ரெண்டரர் பெயரைக் கேட்டோம். எல்எல்விஎம்பைப் என்றது.